சுவர் விழுந்த வீட்டுக்கு எதற்கையா பூட்டு?

கூரை இல்லை. பக்கச் சுவரில் பாதி விழுந்து கிடக்கிறது. கதவின் நடுப்பலகை உக்கி உதிர்ந்து, உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே தெரிகிறது. ஆனால் கதவு பூட்டியிருக்கிறதாம்! அதைத் திறக்கும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லையாம்!

ஃபோல்அவுட் 4 என்ற கணினி விளையாட்டை விளையாடியவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சலை விளக்க வேண்டியதில்லை. பூட்டுக்கு நான்கு தரம். முதல் தரப் பூட்டைக் கொண்டை ஊசியும் ஸ்குரூ டிரைவரும் வைத்திருக்கிற எவரும் திறக்கலாம். நான்காம் தரத்தில் கை வைக்கவே பூட்டுத் திறக்கும் திறமையை மூன்றாம் படிக்கு உயர்த்தியிருக்க வேண்டும். அந்தப் படியோ 18ஆம் நிலைக்கு வந்த பிறகுதான் கிடைக்கும். அதுவரை எத்தனை கொண்டை ஊசி சேர்த்து வைத்திருந்தாலும் அந்தப் பூட்டைத் தொட முடியாது.

நேற்று இரவு நடந்ததைச் சொல்கிறேன். உயிர்பிழைப்பு முறையில் விளையாடிக்கொண்டிருந்தேன். அதில் படுக்கையைக் கண்டுபிடித்து உறங்கினால்தான் விளையாட்டு சேமிக்கப்படும். மாலை முழுக்க அலைந்து, நோய் பிடித்து, தண்ணீர் தீர்ந்து, பாஸ்டன் நகரத்து ஓரத்தில் அந்த இரண்டு மாடி மரவீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உடைந்த சுவர் வழியே பார்த்தால் உள்ளே ஒரு படுக்கை. கட்டில், மெத்தை எல்லாம் கண்ணுக்கு எதிரே. கையை நீட்டினால் எட்டும் தூரம்.

கதவுக்குப் போனேன். நான்காம் தரப் பூட்டு. சரி, கதவு வேண்டாம், உடைந்த சுவரால் ஏறுவோம் என்று சுற்றி வந்தேன். சுவர் மிச்சமிருப்பது நெஞ்சு உயரம்தான். குதித்தேன், தட்டி விழுத்தியது. கொஞ்சம் பின்னால் போய் ஓடி வந்து குதித்தேன், மறுபடியும் அதேதான். இரும்புக் கவசம் அணிந்து கூரையிலிருந்து குதித்தாலும் கால் முறியாத மனிதன், ஆனால் நெஞ்சு உயரச் சுவரில் கையூன்றி ஏறத் தெரியாது. பத்து வயதுப் பிள்ளை ஏறும் சுவர் அது! குண்டு ஒன்றை எடுத்துக் கதவடியில் எறிந்தேன். புகை அடங்கியதும் பார்த்தால் பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. முதுகில் இருந்தது சிறிய அணுகுண்டை எறியும் ஏவுகருவி. வீதியைக் கடந்து போய் நின்று அதையும் அடித்தேன். தெருவில் கறள் பிடித்துக் கிடந்த கார் வெடித்தது. எங்கேயோ ஒளிந்திருந்த பிசாசுகள் இரண்டு சிதறின. அந்த உக்கிய கதவு நின்ற இடத்திலேயே நின்றது. அணுகுண்டு அசைக்காத கதவைக் கொண்டை ஊசி திறக்குமாம்!

இதைச் செய்தவர்கள் கைவிடப்பட்ட ஒரு வீட்டையாவது வாழ்க்கையில் பார்த்திருப்பார்களா? இலங்கையின் வன்னியில் எவரையாவது கேட்டிருக்கலாமே. கைவிடப்பட்ட வீட்டில் முதலில் இல்லாமல் போவதே கதவுதான், ஐயா! 2008இல் போருக்குத் தப்பி மன்னார்ப் பக்கமிருந்து கிளிநொச்சிக்கு, கிளிநொச்சியிலிருந்து விசுவமடுவுக்கு, அங்கிருந்து புதுக்குடியிருப்புக்கு என்று போன உழவு இயந்திரப் பெட்டிகளில் என்ன இருந்தது? கூரைத் தகரம், ஓடு, தீராந்தி, கதவு, யன்னல். விட்டுவிட்டுப் போகிற வீட்டைச் சனங்கள் தாங்களே கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். என் சித்தப்பா ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, பால்மா டின்னில் போட்டார். போகிற இடத்தில் கொட்டில் போட ஆணிக்கு எங்கே போவது என்பதே அன்றைக்கு அவருடைய கவலை.

2010இல் மீள்குடியேற்றத்துக்குத் திரும்பி வந்தபோது எங்கள் வளவில் சுவர் மட்டும்தான் நின்றது. நாங்கள் கழற்ற முடியாமல் விட்டுப்போன குசினிக் கதவு நிலையையும் யாரோ எடுத்திருந்தார்கள். அது இருந்த இடத்தில், சீமெந்துப் பூச்சில், அலவாங்கு விட்டு நெம்பிய வடு விரல் ஆழத்துக்கு இருந்தது. யன்னல் கம்பி இல்லை. மின்கம்பியைச் சுவரைக் கிழித்து உருவியிருந்தார்கள். விறாந்தை மூலையில் ஓர் ஆலங்கன்று என் உயரத்துக்கு வளர்ந்து, அதன் வேர் சீமெந்துத் தரையைப் பிளந்து நிலத்துக்குள் இறங்கியிருந்தது. அந்த வீட்டுக்குள் போக எவரும் திறப்புத் தேடவில்லை. போக விடாமல் எங்களை நிறுத்தி வைத்தது வளவின் பின்பக்கம் நட்டிருந்த சிவப்பு மண்டையோட்டுப் பலகை. மிதிவெடி எடுத்து முடித்துவிட்டோம் என்று சொல்லும் வரைக்கும் அம்மா எங்களைக் கிணற்றடிக்குக்கூட விடவில்லை. குப்பைக்குள் புடையன் கிடக்கும், கிணற்றுக்குள் என்ன கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. இதுதான் கைவிடப்பட்ட வீட்டின் பயம்.

அந்த விளையாட்டின் கதையில் உலகை அழிக்கும் அணுகுண்டு விழுவது 2077 அக்டோபர் 23. நாம் விழித்தெழுந்து நடப்பது 2287இல். 210 ஆண்டுகள்! அத்தனை ஆண்டு வெயில், மழை, பனிக்குப் பிறகும் மரவீடு நிற்கிறது, அலுமாரியில் உணவுப் பேணி அடுக்கியபடி இருக்கிறது, எவரும் தொடவில்லை. வீட்டுக்குள் ஒரு செடி முளைக்கவில்லை. எங்கள் விறாந்தையில் ஆலங்கன்று முளைக்க இரண்டு மாரி போதுமாயிருந்தது. எலும்புக்கூட்டைக் கட்டிலில் கிடத்தி, பக்கத்தில் போத்தலை வைத்து, பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்ட வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டவர்கள், வீட்டை விட்டுப் போகிறவன் எதை எடுத்துப் போவான் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லையே. அதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. சனங்கள் இருந்ததற்கான தடயம் வேண்டுமென்றால் எலும்புக்கூடு எதற்கு? நிலை பிடுங்கிய ஒரு சுவர் போதும்.

தம்பியிடம் சொன்னால், "அண்ணா, 18ஆம் நிலை வந்த பிறகு திரும்பிப் போய்த் திறவுங்கள்" என்கிறான். எனக்கு உறக்கம் வேண்டியது இப்போது! வேறு படுக்கை தேடித் திரும்பவும் தெருவில் இறங்கினேன். இரண்டு வீடு தள்ளி மாடிப்படியடியில் ஒரு பழைய மெத்தை கிடைத்தது. பூட்டும் இல்லை, கதவும் இல்லை. அதில் உறங்குவதற்குப் பொத்தானை அழுத்தப் போகிறேன், மின்சாரம் நின்றுவிட்டது.

மாலை முழுக்க விளையாடியது போயிற்று. காற்றும் இல்லை, மழையும் இல்லை, கிளை முறிந்து விழவும் இல்லை. மின்கம்பியில் முட்டும் மரக்கிளை வெட்டப் போகிறோம் என்று மின்சாரக்காரர்கள் முன்கூட்டி அறிவித்தலாவது கொடுத்தார்களா? நடு இரவில் எவன் மரம் வெட்டுவான்? மின்விசிறி நின்று, நுளம்பு காதுக்குள் புகுந்து, எட்டிப் பார்த்தால் வீதிக்கு அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது. ஒரே வீதி, அதே கம்பம். இந்தப் பக்கத்துக்கு மட்டும் மாதா மாதம் இந்த இருட்டு ஏன்? மின்கட்டணப் பட்டியல் தர வருகிறவரை மறித்துக் கேட்டால் தனக்குத் தெரியாது என்கிறார். தொலைபேசியில் கேட்டால் எடுக்க ஆளில்லை. பட்டியலில் மட்டும் ஒரு ரூபாய் குறைகிறதா?