கோச் ஆக வேண்டும் என்று வேலையை விடப்போகிறவர்களுக்கு

ஐடி வேலையை விட்டுவிட்டு கோச் ஆகப்போகிறேன் என்று சொல்லும் நண்பர்கள் இப்போது நிறைய. விளையாட்டு கோச் இல்லை; கேள்விகள் கேட்டு, வேலையிலும் வாழ்க்கையிலும் ஒருவர் தன் வழியைத் தானே கண்டுகொள்ள உதவுகிறவர். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், டீம் நடத்திப் பழகியவர்கள். நானும் அப்படி வந்தவன்தான், வந்ததில் மகிழ்ச்சிதான். அதனால்தான் சொல்கிறேன்: கோர்ஸில் சேருங்கள், ராஜினாமா மட்டும் இப்போது வேண்டாம்.

வயது ஒரு தடையே இல்லை. இந்தத் தொழிலே வேறு வேலையிலிருந்து வந்தவர்கள் உண்டாக்கியது. 1970-களில் அமெரிக்காவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்த டிமத்தி கால்வே, தான் பேச்சைக் குறைத்துப் பந்தைக் கவனிக்கச் சொன்னாலே ஆட்டம் தேறுகிறது என்று கண்டுகொண்டார். அதைக் கம்பெனிகளுக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர். அவர் கார் பந்தய வீரர், 1965-இல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்.

கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. மேனேஜராக இருந்தவருக்கு, கேட்டவர்களுக்குப் பதில் சொல்லித்தான் பழக்கம். கோச்சுக்குக் கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிய வேண்டும். ஒரு பெண் வந்தார் (அனுமதி வாங்கி, அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன்). "டைம் மேனேஜ்மென்ட் சரியில்லை சார்" என்றார். சொல்வதற்கு என்னிடம் பத்து யோசனை இருந்தது. சொல்லாமல், "போன வாரம் எந்த வேலை தள்ளிப்போச்சு?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். தள்ளிப்போன வேலைகள் எல்லாமே, ஒரே ஆள் கடைசி நேரத்தில் கொண்டுவந்த வேலைக்காகத் தள்ளிப்போனவை. அந்த மனிதரிடம் முடியாது என்று தான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பதும் அவர் வாயிலிருந்தே வந்தது. என்ன சொல்லி மறுப்பது என்பதை அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார். நான் முந்திக்கொண்டு யோசனை சொல்லியிருந்தால் அந்த மனிதரைப் பற்றிய பேச்சே வந்திருக்காது.

இது கைவர மணிக்கணக்கில் பழக வேண்டும். கோச்சுகளுக்குச் சான்று தரும் சர்வதேச அமைப்பான ஐசிஎஃப்-இன் (International Coaching Federation) முதல் நிலையான ஏசிசி சான்றுக்கு 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேர கோச்சிங் அனுபவம் கேட்கிறார்கள். அந்த நூறில் 75 கட்டணம் பெற்றுச் செய்ததாக இருக்க வேண்டும். அதுபோக 10 மணி நேரம் மென்டார் கோச்சிங் (நாம் கோச்சிங் செய்யும் விதத்தை அனுபவமுள்ள கோச் ஒருவர் பார்த்துத் திருத்துவது), தேர்வு. அடுத்த நிலையான பிசிசிக்கு 500 மணி நேர அனுபவம். முதல் நூறு மணி நேரத்தை சனி, ஞாயிறுகளில், வேலையில் இருந்துகொண்டே முடிக்கலாம். காசு கொடுத்துப் பேச ஆள் வருகிறார்களா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். ஒன்று, வெளிவேலைக்கு ஆபீஸில் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வருவது இரண்டு நாள் கோர்ஸ் விற்பவர்கள்மேல். நம் நாட்டில் கோச் என்று போர்டு மாட்ட எந்த லைசென்ஸும் தேவையில்லை. ஆறு மாதத்தில் லட்சங்கள் என்று விளம்பரம் செய்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: உங்கள் வருமானத்தில் எவ்வளவு, கோச் ஆகும் எண்ணமே இல்லாத கிளையன்ட்டுகளிடமிருந்து வருகிறது? இன்னொன்று, வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அது கோச் கையாளும் விஷயம் இல்லை. அவரை உடனே மனநல மருத்துவரிடமோ, முறையாகப் பதிவுபெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடமோ அனுப்ப வேண்டும். பாசிட்டிவாக யோசியுங்கள் என்று அங்கே பாடம் எடுப்பது உயிரோடு விளையாடுவது.

அப்புறம் பணம். ஆரம்பத்தில் ஒரு மாதம் வரும், அடுத்த மாதம் வராது. ஈஎம்ஐ, ஸ்கூல் ஃபீஸ் உட்பட ஒரு வருடச் செலவு கையில் இருக்கட்டும். பலர் மறப்பது மெடிக்கல் இன்சூரன்ஸ். வேலை போனால் கம்பெனி பாலிசியும் போய்விடும், அப்பா அம்மாவுக்கான கவரும் சேர்த்து. புதுப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் சுகர், பிரஷருக்குக் காத்திருப்புக் காலம் 3 ஆண்டுவரை இருக்கலாம். அதனால் நோட்டீஸ் கொடுப்பதற்கு ரொம்ப முன்னாலேயே, இந்த வருடமே, அந்தப் பாலிசியை எடுத்துவிடுங்கள்.