மாதிரித் துண்டு சொன்ன பொய்

ஸ்வெட்டர் பின்னுவதற்கு முன் மாதிரித் துண்டு ஒன்று பின்னி அளந்து பார்க்க வேண்டும் என்பார்கள். பார்த்தேன். 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி, அதாவது பின்னல் வளையம், ஸ்வெட்டர் குறிப்பில் போட்டிருந்தபடியே. சரி என்று 220 கண்ணியோடு ஆரம்பித்தேன். சுற்றளவு 100 செ.மீ. வர வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அளந்தால் 110!

துண்டு பின்னும்போது பரீட்சை எழுதுகிறவள் மாதிரி கையை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அப்புறம் டிவி பார்த்துக்கொண்டே பின்னியதில் கை தளர்ந்து, 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான். இரண்டே இரண்டு கண்ணி வித்தியாசம், உள்ளே ஒரு தலையணையையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். துண்டைத் துவைத்துக் காயவைத்து அளக்க வேண்டும் என்பதும் தெரியும். சோம்பல், செய்யவில்லை.

மூன்று வார வேலையைப் பிரிக்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பிரித்த நூலோ சுருட்டை முடி மாதிரி நெளிகிறது. நனைத்துத் தொங்கவிட்டால்தான் நேராகும். இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தங்கை கேட்கிறாள்: “அக்கா, எனக்கும் ஒண்ணு பின்னிக் குடேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்ல?”