இரண்டு போல்ட்டை முடுக்க ஒரு கம்பெனிக்கு முடியாதா?

பெங்களூருவில் பொம்மனஹள்ளியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு நாள்தோறும் பைக்கில் போய்வருகிறவன் நான். 24,000 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்துபோன செயினை மாற்றித் தரும்படி, அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் சென்டரில் சென்ற மாதம் வண்டியை விட்டேன். செயினும், அது சுற்றியோடும் பல்சக்கரங்களான முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகளும் அடங்கிய கிட்டுக்கும் கூலிக்கும் சேர்த்து 2,900 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் திருகினாலும் ‘டக்’, விட்டாலும் ‘டக்’ என்று இடது காலுக்கு அருகில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் வர ஆரம்பித்தது.

முதல்முறை போனபோது, “புதுச் செயின் சார், செட் ஆகிறவரைக்கும் அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். இரண்டாம்முறை, இருந்த தளர்வையும் பிடுங்கிச் செயினை வீணைத் தந்திபோல முறுக்கி அனுப்பினார்கள். அவ்வளவு இறுக்கினால், கியர்பாக்ஸிலிருந்து வந்து முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் பேரிங்தான் அடிவாங்கும் என்பதை ஒரு சர்வீஸ் சென்டருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? மூன்றாம்முறை, பின்சக்கரத்தின் நடுவே இருந்து குலுக்கலைத் தாங்கும் ஹப் ரப்பர் போய்விட்டதென்று புதியது போட்டு 450 ரூபாய் வாங்கினார்கள். நான்காம்முறை, முகத்தை இரங்கல் தெரிவிப்பதுபோல் வைத்துக்கொண்டு, “கியர்பாக்ஸ் சத்தம் சார், இன்ஜினைப் பிரித்தால்தான் தெரியும்” என்றார்கள். இந்த நான்கு முறையிலும், முன் ஸ்ப்ராக்கெட்டை மூடியிருக்கும் கவரை, மூன்றே மூன்று போல்ட்டில் நிற்கும் அந்தக் கவரை, கழற்றிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குடியிருப்பின் பார்க்கிங்கிலேயே வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி நானே கவரைக் கழற்றினேன். செயின் ஆயிலும் மண்ணும் குழைந்து கரிய களிம்பாக அப்பியிருந்ததைப் பழைய டூத் பிரஷ்ஷால் வழித்தபோது, அந்தக் களிம்பிலிருந்து ஒரு போல்ட் உருண்டு தரையில் விழுந்தது. அதன் தலையின் ஒரு பக்கம் செயின் உரசி உரசி வெள்ளி போல மின்னியது. ஸ்ப்ராக்கெட்டில் ஒரு துளை காலியாக இருந்தது. இன்னொரு போல்ட்டை விரலாலேயே சுழற்ற முடிந்தது.

என்னுடையது போன்ற சிறிய வண்டிகள் பலவற்றில் முன் ஸ்ப்ராக்கெட்டை நட் போட்டு இறுக்குவதில்லை. ஷாஃப்ட்டின் காடிகளில் அது செருகி நிற்கும். அதற்கு வெளியே ஒரு லாக் பிளேட்டைச் செருகி, ஷாஃப்ட்டிலுள்ள பள்ளத்தில் சற்றே திருப்பி, இரண்டு சிறிய போல்ட்டுகளால் ஸ்ப்ராக்கெட்டோடு பிணைப்பார்கள். ஆகவே உள்ளும் வெளியுமாகக் கொஞ்சம் அசைவது பிழையன்று. அந்த அசைவைக் காட்டிப் பயமுறுத்திக் காசு பறிக்கிறவர்களும் உண்டு, அது தனிக்கதை. கவலைப்பட வேண்டியது, ஷாஃப்ட் அசையாமல் இருக்கும்போது ஸ்ப்ராக்கெட் மட்டும் சுழல்வாக்கில் ஆடுகிறதா என்பதைத்தான்.

அதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. மகளின் பென்சில் டப்பாவிலிருந்த ஒயிட்னரால் ஷாஃப்ட்டின் முனையிலிருந்து ஸ்ப்ராக்கெட்டின் முகம்வரை ஒரே கோடாக இழுத்தேன். பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஹப்புக்கும் குறுக்கே இன்னொரு கோடு. இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தேன். ஷாஃப்ட்டும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்து கொஞ்சம் திரும்பினால் அது கியர்களுக்கிடையே இயல்பாக உள்ள இடைவெளி. பின்னால் இருந்த கோடு ஒழுங்காக நின்றது. முன்னால் இருந்த கோடோ ஒவ்வோர் அசைவுக்கும் எள்ளளவு ஒடிந்து ஒடிந்து சேர்ந்தது. காடிகளின் இடுக்கில் செங்கல் நிறத்தில் துருத்தூள்: இரும்போடு இரும்பு உரசித் தின்றதற்கான அடையாளம்.

போல்ட்டுகள் தளர்ந்ததும் பிளேட்டின் பிடி போய், ஸ்ப்ராக்கெட் கோணலாகச் சாய்ந்து ஆட, நெரிசலில் நான் ஆக்சிலரேட்டரைத் திருகித் திருகி விட்ட ஒவ்வொரு தடவையும் அது காடிகளின் ஓரத்தில் அடித்திருக்கிறது. மிச்சமிருந்த ஒரு போல்ட்டும் விழுந்து பிளேட் நழுவியிருந்தால், ஸ்ப்ராக்கெட் கழன்று, செயின் சிக்கி, ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பின்சக்கரம் இறுகி நின்றிருக்கும்.

மறுநாள் ஜே.சி. ரோட்டில் ஸ்ப்ராக்கெட், லாக் பிளேட், இரண்டு போல்ட் எல்லாம் சேர்த்து 320 ரூபாய்க்கு வாங்கி, போல்ட்டின் மரைக்கு த்ரெட் லாக் பசை தடவி, 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் முடுக்கினேன். சத்தம் ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் ஒயிட்னர் கோடு இன்னும் மயிரிழை ஒடிகிறது. ஒரு மாதமே ஓடிய ஸ்ப்ராக்கெட்டின் காடிகள் மழுங்கியிருந்தன என்றால் அதைத் தூக்கி எறியலாம், ஷாஃப்ட்டில் தேய்ந்ததை என்ன செய்வது? அதை மாற்றத்தான் உண்மையிலேயே இன்ஜினைப் பிரிக்க வேண்டும். அவர்கள் சொன்ன பொய்யை அவர்களே மெய்யாக்கப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் போல்ட்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். என் ஜாப் கார்டில் ‘செயின், ஸ்ப்ராக்கெட் பரிசோதனை’ என்ற வரிக்கு நேரே அழகாக ஒரு டிக் போட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது உங்க வண்டியோடதுதானா சார்?” என்று கேட்டார்.