குன்னூர் வெறும் வழி ஊரா?

உங்கள் கட்டுரையில் குன்னூரை 'ஊட்டிக்குப் போகும் வழியில் உள்ள ஊர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சரி, வழிதான். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் 1899-ல் எங்கள் ஊர் வரைதான் வந்தது, ஊட்டிக்காரர்கள் 1908 வரை காத்திருந்தார்கள். மலையடிவாரத்துக் கல்லாறு ஸ்டேஷனிலிருந்து பல்சக்கரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளிவரும் நீராவி இன்ஜினை இங்கே கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டுவார்களே, அந்த இடைவெளியில் புகை வாசத்தோடு சூடான டீயில் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டை முக்கித் தின்றிருக்கிறீர்களா? ஓரம் ஊறியதும் டக்கென்று எடுக்கணும், இல்லையென்றால் பாதி டம்ளருக்குள் போய்விடும். அப்புறம், வெறிநாய்க்கடிக்கு ஊசி போடுவதற்காக 1907-ல் வந்த பாஸ்டர் இன்ஸ்டிட்யூட். என் தாத்தாவைச் சின்ன வயதில் வெறிநாய் கடித்தபோது ஈரோட்டிலிருந்து இங்கேதான் ஊசிக்குக் கூட்டிவந்தார்கள். குணமானவர் திரும்பிப் போகவே இல்லை, இங்கேயே தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.