மலைப்பாதையில் மீட்டர்கேஜ்

தமிழ்நாட்டுச் செங்கோட்டையிலிருந்து கேரளத்துப் புனலூருக்குப் போகும் ரயில் பாதையின் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) காலத்து வண்ணப் படங்களைத் தேடிப்பிடித்துப் போட்டதற்கு நன்றி. கறுப்பு வெள்ளையில் நிறைய பார்த்தாயிற்று. ஆனால் அந்தச் செங்காவி நிறப் பெட்டிகள் மலைப் பச்சைக்கு நடுவே வளைந்து வருவதைக் கலரில் பார்க்கும்போது வேறு மாதிரிதான் இருக்கிறது. பெட்டிகள் நீலமாக மாறியது தொண்ணூறுகளில் என்பதால், முதல் நான்கு படங்களும் அதற்கு முந்தியவையாகத்தான் இருக்க வேண்டும்.

பகவதிபுரம் தாண்டியதும் குகை வரும். வண்டி உள்ளே நுழைந்ததும் பெட்டி முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல். நீராவி எஞ்சின் என்றால் ஜன்னலை இறக்கிவிடச் சொல்லிப் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். யார் கேட்டோம்? ஆரியங்காவில் இறங்கும்போது வெள்ளைச் சட்டையில் கரித்தூள், கண்ணில் உறுத்தல். ஏற்றத்துக்காகப் பின்னால் இன்னொரு எஞ்சின் தள்ளிக்கொண்டு வரும். இரண்டும் மாறி மாறி ஊதுவது அடிவாரம் வரைக்கும் கேட்கும். அப்புறம் கழுத்துருட்டி பக்கம் 13 கண் பாலம். கீழே ரோட்டில் போகும் லாரிக்காரர்கள்கூடக் கை காட்டுவார்கள்.

1904-ல் வந்த பாதை. 2010-ல் நிறுத்தி, அகலப்பாதையாக்கி 2018-ல் முழுதாகத் திறந்தார்கள். இப்போதும் போய்வருகிறேன், வசதிதான், குறை சொல்ல மாட்டேன். அடுத்த ஸ்டேஷன் வரை போக அனுமதியாகக் கொடுக்கும் டோக்கன் வளையத்தை, ஓடும் எஞ்சினிலிருந்து டிரைவர் பக்கத்து ஆள் கை நீட்டி வாங்கும் படம் ஏதாவது இருந்தால் அதையும் போடுங்களேன்.