சும்மா கிடந்த கரையா?

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நேற்று இராத்திரி அந்தக் காணொளியை நான்காவது முறையாகப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. எதைச் சொல்கிறேன் என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், பாதிப்பேர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். நம்முடைய குழித்துறை ஆற்றங்கரையில் நடைபாதையும் படகுத்துறையும் வரப்போகிறது. வரட்டும். ஆனால் அந்தக் காணொளியில், அதற்கான மேடையில் மைக்கைப் பிடித்தவர், "இத்தனை காலம் ஒண்ணுக்கும் உதவாம சும்மா கிடந்த கரை" என்று சொன்னாரே, அந்த ஒரு வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். தட்டியவர்களில் இரண்டு பேர் என் வயதுக்காரர்கள், என்னோடு அதே கரையில் ஓடித் திரிந்தவர்கள். அவர்களும் தட்டினார்கள்.

அந்தக் கரை சும்மா கிடக்கவில்லை. அது வேலை செய்த கரை. எத்தனை தடவை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாக இறங்கி, தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகிற இந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கணபதியான்கடவு என்று தினமும் பேருந்தில் சொல்லி டிக்கெட் எடுக்கிறோம். கடவு என்றால் என்ன? வள்ளம் ஆளை ஏற்றி அக்கரைக்கு விடுகிற இடம். பாலம் வந்து, கார் ஓடி, கடவு போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. சும்மா கிடந்த கரைக்கு யாராவது அப்படிப் பெயர் வைப்பார்களா?

என் தாய்மாமா கடத்துவள்ளம் விட்டவர். அக்கரையில் நின்று யாராவது கையைக் குவித்துக் கூவினால், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் காசு வாங்க மாட்டார். பிரசவ வலியோடு வந்த பெண்ணை நடு இராத்திரியில், ஆடி மாத வெள்ளத்தில், மூங்கில் கழியை ஊன்றி ஊன்றி அக்கரை சேர்த்த கதையை அவர் ஒரு நாளும் பெருமையாகச் சொன்னதில்லை. அந்தப் பெண்தான் பிற்காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். மாமாவின் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் இறங்கியிருக்கும். கழி ஊன்றி ஊன்றி இறங்கிய தோள் அது. அவர் நின்ற கரையைத்தான் ஒண்ணுக்கும் உதவாத கரை என்கிறார்கள்.

அப்புறம் கதம்பல், அதாவது தேங்காய் உரித்த மட்டை. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். பச்சைக் கதம்பலை உப்புத் தண்ணீர் ஏறி இறங்குகிற இடமாகப் பார்த்துக் குழி வெட்டிப் போடுவார்கள். மேலே ஓலை, ஓலை மேலே சேறு, சேறு மேலே கல். ஆறு மாதம், எட்டு மாதம், சில நேரம் அதற்கும் மேலே அப்படியே ஊறும். பிறகு பெண்கள் இடுப்பளவு கறுத்த தண்ணீரில் இறங்கி, ஒவ்வொன்றாக எடுத்து அலசி, மேல்தோலை உரித்து, கல்லில் வைத்துத் தடியால் தல்லுவார்கள். தல்லத் தல்லத் தூள் உதிர்ந்து பொன் நிறத்தில் நார் வரும். விடியற்காலையில் தொடங்கினால் கரை முழுக்க அந்தச் சத்தம்தான். ஒரு கல்லில் அடி விழுந்து முடியும்போது அடுத்த கல்லில் விழும். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லாத காலம் அது. தல்லுச் சத்தம் நின்றால் கஞ்சி நேரம் என்று அர்த்தம்.

என் அம்மாச்சி அந்தக் கல்லில் அடித்தவர். மதியத்துக்கு மேல் ராட்டில் கயிறு திரிப்பு. ஒருத்தி சக்கரம் சுற்றுவாள், மற்றவர்கள் மடியில் நாரைக் கட்டிக்கொண்டு, விரலால் இழை விட்டபடி பின்னாலேயே நடந்து போவார்கள். கயிறு நீள நீள ஆளும் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் என்ன கிடக்கிறது என்று திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார், கால் அறிந்து நடக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் புளியைக் கரைத்துக் கையைத் தேய்ப்பார். அப்படியும் மணம் போகாது. அந்தக் கையால்தான் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் எடுத்து எனக்கு ஊட்டுவார். விரல் நுனியில் ரேகையே கிடையாது. ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷின் வந்த காலத்தில் அவர் உயிரோடு இருந்திருந்தால் அரிசி கிடைத்திருக்காது என்று அம்மை இன்றும் சொல்லிக் கண் கலங்குவாள்.

இப்போது சிலர் கீழே வந்து எழுதுவீர்கள் என்று தெரியும். "அந்த நாற்றத்தையா திரும்பக் கேட்கிறாய்?" இல்லை. நான் எங்கே திரும்பக் கேட்டேன்? கதம்பல் ஊறிய தண்ணீர் கறுத்துப் போகும், மீன் ஒதுங்கும், குளித்தால் சொறி வரும். எல்லாம் உண்மை. அம்மாச்சி கடைசிக் காலத்தில் இருமிய இருமலும் உண்மை. என் மகள் அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஆனால் ஒரு வேலை கஷ்டமான வேலை என்பதற்காக அது நடக்கவே இல்லை என்று சொல்லிவிடலாமா? கஷ்டப்பட்டதால்தானே கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும்?

"குழியும் தோப்பும் யாருடையது, கூலி எவ்வளவு, அதையும் எழுது" என்று ஒரு தம்பி கேட்பார். நியாயமான கேள்வி. கூலி குறைவுதான். அம்மாச்சி உறுப்பினராக இருந்த ஒரு சங்கம் கடைசி ஒன்பது மாதக் கூலியைக் கொடுக்கவே இல்லை. வரவு எழுதிய நோட்டு இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பணத்தை நினைத்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. "நாம செஞ்சதுக்குக் கணக்கு இருக்கு மக்கா" என்று நோட்டைத் தடவிக் காட்டுவார். இன்றைக்கு அந்தக் கணக்கையே இல்லை என்று மைக்கில் சொல்கிறார்கள். எனக்கு வலிக்காதா?

மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. "வளர்ச்சி வந்தாலே உனக்குப் பிடிக்காது." ஐயா, இந்தக் கரையில் வளர்ச்சி வந்தது இப்போதுதானா? பூவாறு பக்கத்திலிருந்து நம் கடற்கரை ஓரமாக வருகிற ஏவிஎம் கால்வாயை யார் வெட்டினார்கள்? 1860-ஐ ஒட்டித் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய வேலை. அனந்தன் என்று பத்மநாபசுவாமி பெயரும், விக்டோரியா என்று ராணி பெயரும், மார்த்தாண்டன் என்று ராஜா பெயரும் சேர்த்து வைத்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை தண்ணீரிலேயே போய்வர வேண்டும் என்று கனவு கண்டார்கள். முழுதாக முடியவில்லை. முடிந்த வரைக்கும் தேங்காயும், கயிறும், கருப்பட்டியும், கருவாடும் அதில் போய் வந்தன. நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் என்று அந்தக் கரையோர ஊர்களில் கால்வாயே கதம்பல் ஊறுகிற இடமாகவும் இருந்தது. மண்ணை வெட்டிச் சுமந்தவர்களின் பெயர் மட்டும் எந்தப் பலகையிலும் இல்லை. இன்று பல இடத்தில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் மூடி, பாதி சாக்கடையாக, பாதி வீட்டு மனையாகக் கிடக்கிறது. அதையும் நாளைக்கு யாராவது வந்து சும்மா கிடந்த பள்ளம் என்பார்கள். அதற்கும் கை தட்டுவோமா?

வள்ளத்தைக் கொன்றது ரோடு, சரி, அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. லாரி வந்தது, 1979-ல் திருவனந்தபுரம் ரயில் வந்தது, சரக்கு அதில் ஏறியது. கயிற்றைக் கொன்றது நைலானும், ஊறப்போடாமலே நார் எடுக்கிற மில்லும். அதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஆற்றைக் கொன்றது யார்? அதைப் பற்றி அந்தக் காணொளியில் ஒரு வார்த்தை உண்டா? மாமாவின் காலத்தில் வள்ளத்தில் மணல் வாரினார்கள், முங்கி முங்கிக் கூடையில் அள்ளினார்கள், ஒரு நாளைக்கு ஒரு வள்ளம் நிறைப்பதே பெரும்பாடு. பிறகு வந்தவர்கள் அள்ளிய அளவில் ஆற்றின் அடிமட்டமே தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கடல் ஏறி வந்தது. கரையோரக் கிணறுகள் உப்பாயின. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அம்மை ஒரு நாள் காலையில் தேயிலை போட்டுக் குடித்துவிட்டு, "பிள்ளே, இதுல யாரு உப்பு போட்டா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. யாரும் போடவில்லை. பரக்காணியில் கடல் நீரைத் தடுக்க அணை கட்ட வேண்டி வந்தது எதனால் என்று நினைக்கிறீர்கள்? உப்புத் தண்ணீரைக் கதம்பல்காரிகள் கொண்டுவரவில்லை. வேலை செய்தவர்கள் ஆற்றைக் கறுப்பாக்கினார்கள் என்றால், வேலையே செய்யாமல் அள்ளிக்கொண்டு போனவர்கள் அதை என்ன ஆக்கினார்கள்? அவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு அந்த மேடையில் மாலை போட்டு நின்றார்கள் என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. உங்களுக்குக் கண் இருக்கிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். சொல்ல வந்தது இதுதான். ஆடி அமாவாசைக்கு வாவுபலி இட குழித்துறையில் இதே ஆற்றில் இறங்கி நிற்கிறோம். செத்துப்போன நம்முடையவர்களுக்குத் தண்ணீர் விடுகிறோம். நான் அம்மாச்சிக்கும் மாமாவுக்கும் விடுகிறேன். அவர்கள் வேலை செய்த கரையைச் சும்மா கிடந்தது என்று சொல்லிக்கொண்டு, எந்த முகத்தோடு அந்தத் தண்ணீரில் இறங்குவது?

நான் கேட்பது மிகச் சின்ன விஷயம். படகுத்துறைக்குப் போகிற வழியில், பூவரசு நிற்கிற இடத்தில், ஐந்து தல்லுக்கல் இன்னும் கிடக்கின்றன. நடுவில் கிண்ணம் அளவுக்குக் குழிந்த கற்கள். மழை பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும், காக்கா வந்து குடிக்கும். இடது ஓரத்துக் கல் அம்மாச்சியுடையது, அதன் ஒரு மூலை உடைந்திருக்கும். நடைபாதைக்கு இடைஞ்சல் என்று அவற்றைத் தூக்கப் போகிறார்களாம், திங்கட்கிழமை காலையில் வண்டி வருகிறது என்று வேலைக்கு நிற்கிற தம்பி சொன்னான். பாதையை நான்கு அடி தள்ளிப் போட்டால் போதும், கற்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். மனு எழுதிவிட்டேன். அம்மாச்சியின் நோட்டில் இரண்டு பக்கம் நகல் எடுத்து அதோடு சேர்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு நான் அந்தப் பூவரசு மூட்டில் இருப்பேன். அம்மையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கை தட்டிய அந்த இரண்டு பேருக்கும் இதைத் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் அம்மைமாரின் கற்களும் அந்த ஐந்தில் இருக்கின்றன.