பக்கத்து எண்களையும் சோதியுங்கள்

பழைய விலைத் தரவில் 37 நாள் சராசரிதான் (கடந்த 37 நாள் இறுதி விலைகளின் சராசரியை விலை தாண்டினால் வாங்குவது) அதிக லாபம் தந்தது, அதையே வர்த்தக விதியாக வைக்கலாம் என்கிறது உங்கள் கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. 30, 35, 40, 45 என்று போட்டுப் பார்த்தாரா ஆசிரியர்? 37இல் கொழுத்த லாபமும் 40இல் நஷ்டமும் வந்தால் அந்த எண் வெறும் தற்செயல். 1983இல் அமெரிக்க வர்த்தகர் ரிச்சர்ட் டென்னிஸ் தன் மாணவர்களுக்குக் கற்றுத்தந்த 20 நாள், 55 நாள் உச்ச விதிகள் (விலை கடந்த 20 அல்லது 55 நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்குவது) எவ்வளவு எளியவை!

இன்னொன்று, அன்றைய இறுதி விலையை வைத்து வாங்கும் சமிக்ஞையைக் கணக்கிட்டு, அதே விலையில் வாங்கியதாகவும் எழுதியிருக்கிறார். சந்தை மூடிய பிறகு தெரியும் விலையில் எப்படி வாங்குவது? மறுநாள் தொடக்க விலையைப் போட்டு, தரகையும் கழித்துப் பார்க்கட்டும். விலைப் போக்கைப் பின்தொடரும் இம்முறைகளில் பெரும்பாலான வர்த்தகங்கள் சிறு நஷ்டத்தில்தான் முடியும். எனவே முதலீடு உச்சத்திலிருந்து எவ்வளவு சரிந்தது என்ற கணக்கையும் தயவுசெய்து வெளியிடுங்கள்.